கூடைப்பந்தின் மாவீரர்களில் யாருடைய எதிரணிகள் பலமானவை?

பில் ரஸ்ஸல் முதல் லெப்ரான் ஜேம்ஸ் வரை, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றில் தலைசிறந்த வீரர்களுள் மிகக் கடினமான போட்டியைச் சந்தித்து வென்றவர் யார் என்பது கேள்வி. இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் மூன்று வாதங்கள் கூடவே வந்துவிடும். ரஸ்ஸல் ஆடியது எட்டே அணிகள் இருந்த லீக்கில் என்பது ஒன்று. மைக்கேல் ஜோர்டான் காலத்தில் புதிய அணிகள் பல சேர்ந்ததால் ஆட்டத்தின் தரம் நீர்த்துப்போயிருந்தது என்பது இரண்டாவது. லீக்கின் கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளில் கிழக்கு பலவீனமாக இருந்ததால்தான் லெப்ரான் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து இறுதித் தொடருக்கு வர முடிந்தது என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றும் ஒரு காலகட்டத்தை அப்படியே மொத்தமாகத் தூக்கி எடைபோடுகின்றன. என் கருத்தில் இந்த விவாதம் பல ஆண்டுகளாக நகராமல் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

எந்த வீரரும் ஒரு காலகட்டத்தை எதிர்த்து ஆடுவதில்லை. சீசன் முடிந்தபின் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நீளும், பெரும்பாலும் ஏழு ஆட்டங்கள்வரை போகக்கூடிய தொடர்களாக நடக்கும் பிளே ஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றுகளில், தன் பிரிவில் அந்த ஆண்டு தேறி வந்த இரண்டு மூன்று அணிகளையும், எதிர்ப்பிரிவிலிருந்து வரும் ஓர் அணியையும் எதிர்த்துத்தான் அவர் ஆடுகிறார். ஆகவே எண்பதுகள் கடினமா, இன்றைய காலம் கடினமா என்று கேட்பதைவிட, இந்த ஆண்டில், இந்தப் பிரிவில், இந்த வீரர் யார் யாரைத் தாண்டிப் பட்டம் வென்றார் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். ஒரே ஆண்டில், ஒரே லீக்கில், ஒரே விதிகளின்கீழ் ஆடிய இரண்டு மாவீரர்களின் பாதைகள்கூட எவ்வளவு வேறுபட முடியும் என்பதற்கு 1987-ஐவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

அந்த ஆண்டு மேஜிக் ஜான்சனின் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் 65 வெற்றி, 17 தோல்வியுடன் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிளே ஆஃப் சுற்றுகளில் அது சந்தித்த முதல் அணி டென்வர். சீசனில் 37 வெற்றி, 45 தோல்வி. அடுத்தது கோல்டன் ஸ்டேட். 42 வெற்றி, 40 தோல்வி. மேற்குப் பிரிவின் இறுதியில் எதிரே வந்த சியாட்டில் அணியோ 39 வெற்றி, 43 தோல்வி. அதாவது வென்றதைவிட அதிகம் தோற்ற அணி ஒன்று பிரிவின் இறுதிவரை வந்திருந்தது. மூன்று தொடர்களிலும் சேர்த்து லேக்கர்ஸ் தோற்றது ஒரே ஓர் ஆட்டம்.

அதே வாரங்களில் கிழக்கே லாரி பேர்டின் பாஸ்டன் செல்டிக்ஸ் முதலில் சிகாகோவை எளிதாக வென்றது. அதன்பின் 50 ஆட்டங்கள் வென்ற மில்வாக்கியுடன் ஏழு ஆட்டங்கள், 52 ஆட்டங்கள் வென்ற டெட்ராய்ட்டுடன் மறுபடியும் ஏழு ஆட்டங்கள் என்று போராட வேண்டியிருந்தது. டெட்ராய்ட் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், ஐந்து வினாடிகள் மீதமிருக்க, 107-106 என்று டெட்ராய்ட் முன்னிலையில் இருந்தது, பந்தும் அவர்களிடமே. எல்லைக் கோட்டிலிருந்து டெட்ராய்ட்டின் ஐசயா தாமஸ் பந்தைச் சக வீரர் லேம்பியரை நோக்கி வீசினார். பேர்ட் குறுக்கே பாய்ந்து அதைப் பறித்தார். எல்லைக் கோட்டைத் தாண்டி விழப்போன நிலையிலும் உடலைத் திருப்பி, கூடையை நோக்கி ஓடிவந்த டென்னிஸ் ஜான்சனுக்குப் பந்தைக் கொடுத்தார். 108-107 என்று ஆட்டம் பாஸ்டனின் கைக்கு வந்தது. ஏழாவது ஆட்டத்தில் டெட்ராய்ட்டின் டான்ட்லியும் வின்னி ஜான்சனும் தலையோடு தலை மோதிக்கொள்ள, டான்ட்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பாஸ்டனின் கெவின் மெக்ஹேல் எலும்பு முறிந்த காலுடனேயே ஆடிக்கொண்டிருந்தார். இந்த நிலையில்தான் செல்டிக்ஸ் இறுதித் தொடருக்கு வந்து சேர்ந்து, நன்கு ஓய்வெடுத்திருந்த லேக்கர்ஸிடம் 4-2 என்று தோற்றது.

மேஜிக் அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர் அல்ல என்று இதற்குப் பொருளில்லை. 1987 லேக்கர்ஸ் எந்த ஆண்டிலும் வென்றிருக்கக்கூடிய மிகச்சிறந்த அணி என்றே நான் நம்புகிறேன். ஆனால் எண்பதுகளின் கடுமை என்று பொதுவாகப் பேசும்போது அந்தக் கடுமையின் பெரும்பகுதி கிழக்கே இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். பாஸ்டன், பிலடெல்பியா, மில்வாக்கி, பின்னர் டெட்ராய்ட் எல்லாம் அந்தப் பக்கம்தான். மேஜிக்கின் ஐந்து பட்டங்களையும் பேர்டின் மூன்று பட்டங்களையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

எதிரணியின் வெற்றி எண்ணிக்கையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்போது அதன் குறைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சீசனில் 60 ஆட்டங்கள் வென்ற அணி, தொடர் தொடங்கும் நாளில் முக்கிய வீரர் இருவரை இழந்து நிற்கலாம். 1989 இறுதித் தொடரில் பைரன் ஸ்காட், மேஜிக் இருவரும் பின்தொடைத் தசைக் காயத்தால் விழ, லேக்கர்ஸ் நான்கு ஆட்டங்களையும் டெட்ராய்ட்டிடம் தோற்றது. பலவீனமான அணிகள் நிறைந்த ஆண்டில் நல்ல அணிகளின் வெற்றிக் கணக்கு தானாக ஊதிப் பெருக்கும் என்பது இன்னொரு குறை. இதனால்தான் ஆய்வாளர்கள் வெற்றி எண்ணிக்கையைவிட, ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஓர் அணி வென்றது என்பதை நம்புகிறார்கள். இந்தக் குறைகளையும் மீறி, பலரது பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வெற்றி எண்ணிக்கை நல்ல தொடக்கமாகவே இருக்கிறது.

இந்த விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது எழுபதுகள். 1966-67 சீசனில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து உச்சத்தில் பத்தே அணிகள் இருந்தன. அடுத்த ஆண்டே என்.பி.ஏ. 12 அணிகளாக வளர்ந்ததோடு, ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் 11 அணிகளுடன் பிறந்தது. ஒரே ஆண்டில் பத்து இருபத்துமூன்றாயிற்று. ஜோர்டான் காலத்து விரிவாக்கத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். திறமை நீர்த்துப்போவது என்றால் என்ன என்பதற்கு இதுதான் முதன்மையான சான்று. ஜூலியஸ் எர்விங், ஆர்டிஸ் கில்மோர், ஜார்ஜ் கெர்வின், டேவிட் தாம்ப்சன், உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்த மோசஸ் மலோன் எல்லோரும் ஏ.பி.ஏ. பக்கம் இருந்தார்கள். அதாவது கரீம் அப்துல்-ஜப்பாரின் எதிரே அவர்கள் நிற்கவில்லை.

கரீம் பெற்ற ஆறு எம்.வி.பி. (ஆண்டின் மிகச்சிறந்த வீரர்) விருதுகளில் 1971, 1972, 1974, 1976 ஆகிய நான்கும் லீக் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தவை. 1971-இல் மில்வாக்கிக்காக அவரும் ஆஸ்கர் ராபர்ட்சனும் வென்ற பட்டத்தின் பாதையைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ 41 வெற்றி, லேக்கர்ஸ் 48 வெற்றி, பால்டிமோர் 42 வெற்றி. அந்த லேக்கர்ஸிலும் ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேலர் இருவரும் காயத்தால் ஆடவில்லை. 1976-இல் ஏ.பி.ஏ. கலைந்து டென்வர், இண்டியானா, நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ ஆகிய நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. அடுத்த ஆண்டே இறுதித் தொடரில் மோதிய போர்ட்லாண்ட், பிலடெல்பியா அணிகளில் எர்விங், மெக்கினிஸ், கால்ட்வெல் ஜோன்ஸ், மோரிஸ் லூகாஸ், டேவ் ட்வார்ட்சிக் என்று பழைய ஏ.பி.ஏ. வீரர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அதுவரை மறுபக்கம் எவ்வளவு திறமை இருந்தது என்பதை அந்த ஒரு தொடரே காட்டிவிட்டது. ஆனாலும் கரீமுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஒன்றிணைந்த லீக்கிலும் 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் அவரே எம்.வி.பி. எதிரணிகளின் பலம் கூடியபோது அவர் தரம் குறையவில்லை.

இனி ரஸ்ஸல். 13 சீசன்களில் 11 பட்டங்கள். அவற்றில் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு. இவர் விஷயத்தில் எட்டு அணிகள் என்ற வாதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், அது குறுகிய ஊற்றுதான். வெளிநாட்டு வீரர்கள் என்ற பேச்சே அன்று இல்லை. கறுப்பின வீரர்களுக்கு லீக்கின் கதவு திறந்ததே 1950-இல்தான். திறந்த பின்னும் எல்லா அணிகளும் மனப்பூர்வமாகத் திறந்துவைக்கவில்லை. ஐந்து கறுப்பின வீரர்களுடன் ஓர் அணி ஆட்டத்தைத் தொடங்கியது 1964 டிசம்பர் 26 அன்றுதான் முதல்முறையாக நடந்தது; அதைச் செய்ததும் ரஸ்ஸலின் செல்டிக்ஸ்தான். சம்பளம் போதாமல் கோடையில் வேறு வேலைக்குப் போன வீரர்கள் நிறைந்த காலம் அது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் சிறுவயதிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்படும் வீரர்களோடு அந்த ஊற்றை ஒப்பிட முடியாது.

ஆனால் அந்தக் குறுகிய ஊற்றிலிருந்து வந்தவர்கள் எட்டு அணிகளுக்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தார்கள். லீக் முழுவதிலும் நூறு பேருக்குக்கூட இடமில்லை. 72 ஆட்டங்கள் கொண்ட சீசனில் ஏழு எதிரணிகள் என்றால் ஒவ்வோர் அணியையும் ஏறக்குறைய பத்து முறை சந்திக்க வேண்டும். எளிதான இரவு என்று ஒன்று அரிது. அதிலும் ரஸ்ஸலின் நிலை தனி. 1961-62 சீசனில் சராசரியாக ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள் எடுத்த வில்ட் சேம்பர்லினை அவர் பிளே ஆஃப் உட்பட 140 முறைக்குமேல் நேருக்கு நேர் சந்தித்தார். இருவரது அணிகளும் எட்டு பிளே ஆஃப் தொடர்களில் மோதின; ஏழில் வென்றது ரஸ்ஸலின் அணி. வரலாற்றில் வேறெந்த மாவீரருக்கும் தன் இடத்தில் ஆடும் இன்னொரு மாவீரரை இத்தனை முறை எதிர்கொள்ளும் கட்டாயம் இருந்ததில்லை.

அப்போது பட்டம் வெல்லப் பெரும்பாலும் இரண்டே தொடர்கள் போதும் என்பது உண்மை. ஆனால் 1962-ஐப் பாருங்கள். முதலில் சேம்பர்லினின் பிலடெல்பியா. ஏழாவது ஆட்டம் 109-107. அடுத்து வெஸ்ட், பேலர் ஆடிய லேக்கர்ஸ். ஐந்தாவது ஆட்டத்தில் பேலர் பாஸ்டன் மண்ணிலேயே 61 புள்ளிகள் எடுத்தார். ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் 100-100 என்ற சமநிலையில் ஃபிராங்க் செல்வி எறிந்த பந்து உள்ளே போயிருந்தால் பட்டம் லேக்கர்ஸுக்கு. அது போகவில்லை. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 110-107 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ரஸ்ஸல் எடுத்தது 30 புள்ளிகள், 40 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது). இரண்டே தொடர்கள்தான், ஆனால் இரண்டும் கடைசிப் பந்துவரை போன தொடர்கள்.

அவருடைய கடைசிப் பட்டம் இன்னும் அழுத்தமானது. 1969-இல் அவர் வீரரும் பயிற்சியாளருமாக இருந்தார், அணிக்கு வயதாகியிருந்தது, 48 வெற்றியுடன் கிழக்கில் நான்காமிடம். வழியில் நின்றவை 55 வெற்றி பெற்ற பிலடெல்பியா, 54 வெற்றி பெற்ற நியூயார்க், இறுதியில் 55 வெற்றி பெற்ற லேக்கர்ஸ். அந்த லேக்கர்ஸில் வெஸ்ட், பேலருடன் சேம்பர்லினும் சேர்ந்திருந்தார். மூன்று அணிகளும் செல்டிக்ஸைவிட மேலான கணக்கு உடையவை. ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில். லேக்கர்ஸின் வெற்றியைக் கொண்டாட அரங்கத்தின் கூரையில் பலூன்கள் முன்கூட்டியே கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. வெஸ்ட் 42 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் பாஸ்டன் 108-106 என்று வென்றது. தோற்ற அணியிலிருந்து இறுதித் தொடரின் எம்.வி.பி. விருது பெற்ற ஒரே வீரராக வெஸ்ட் இன்றும் இருக்கிறார். ரஸ்ஸலுக்கு எளிய போட்டி என்று சொல்பவர்கள் இந்த ஒரு தொடரையாவது முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜோர்டானைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். 1988-இல் சார்லட், மயாமி. 1989-இல் மினசோட்டா, ஒர்லாண்டோ. 1995-இல் டொரண்டோ, வான்கூவர் என்று ஆறு அணிகள் சேர்ந்து 23 அணிகள் 29 ஆயின. ஜோர்டானின் சிகாகோ 72 வெற்றி, 10 தோல்வி என்ற கணக்குடன் முடித்த 1995-96 சீசனில் வான்கூவர் வென்றது 15 ஆட்டம், டொரண்டோ வென்றது 21 ஆட்டம். (அந்த 21-இல் ஒன்று சிகாகோவுக்கு எதிரானது, 109-108.) ஆகவே 72 என்ற எண்ணில் விரிவாக்கத்தின் பங்கு உண்டு. எனினும் பத்து ஒரே ஆண்டில் இருபத்துமூன்றானதற்கும், 23 ஏழு ஆண்டுகளில் 29 ஆனதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது.

ஆறு இறுதித் தொடர்களில் ஜோர்டான் சந்தித்த அணிகளின் வெற்றிகள் வரிசையாக 58, 57, 62, 64, 64, 62. சராசரி 61-க்குச் சற்று மேல். ஒரு பலவீனமான அணிகூட இதில் இல்லை. ஆனால் நான் முன்பு சொன்ன குறை இங்கேதான் நுழைகிறது. 1996-97 சீசனில் பாஸ்டன் 15, வான்கூவர் 14, சான் அன்டோனியோ 20, டென்வர் 21, பிலடெல்பியா 22 என்று அடிமட்டத்தில் ஒரு கூட்டமே இருந்தது. சிகாகோவின் 69 வெற்றியை அது ஊதிப் பெருக்கியது என்றால், எதிரே நின்ற யூட்டாவின் 64 வெற்றியையும் அதே அளவு ஊதிப் பெருக்கியிருக்கும். விரிவாக்கத்தை ஜோர்டானின் கணக்கில் மட்டும் கழித்துவிட்டு எதிரணியின் கணக்கை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. ஜோர்டானின் ரசிகர்கள் செய்வதுபோல எதிரணியின் 64-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக்கத்தை மறப்பதும் தவறு.

ஜோர்டானின் பாதைகளில் கடினமானது எது என்று கேட்டால் நான் 1993 என்பேன். சிகாகோ 57 வெற்றி. நியூயார்க் 60, ஃபீனிக்ஸ் 62. கடைசி இரண்டு தொடர்களிலும் சொந்த மண்ணின் சாதகம் எதிரணிக்கே. நியூயார்க்கிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் சிகாகோ தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்கும்போது, நியூயார்க்கின் சார்லஸ் ஸ்மித் கூடைக்கு நேர்கீழே நின்று நான்கு முறை பந்தைப் போட முயன்றார். நான்கு முறையும் கிரான்ட், ஜோர்டான், பிப்பன் மூவரின் கைகள் அதைத் தடுத்தன. அந்தத் தடுப்பு இல்லாமல் அந்த ஆண்டின் பட்டம் இல்லை.

மற்றொரு குற்றச்சாட்டு, மேஜிக்குக்குப் பேர்ட் இருந்ததுபோல ஜோர்டானுக்கு நிகரான எதிரி இருந்ததில்லை என்பது. இது சுற்றி வளைத்துத் தன்னிடமே வந்து முடியும் வாதம். சார்லஸ் பார்க்லி, பாட்ரிக் யூயிங், கார்ல் மலோன், ஜான் ஸ்டாக்டன் ஆகியோர் பட்டம் இல்லாமல் ஓய்வு பெற்றதற்கு ஜோர்டான் முக்கியக் காரணம். அவர் தோற்கடித்ததால் அவர்களுக்குப் பட்டம் இல்லை. அவர்களுக்குப் பட்டம் இல்லாததால் அவருக்கு எதிரி இல்லை என்று சொல்வது முறையா? வெஸ்டும் பேலரும் ரஸ்ஸலால் இப்படித்தான் சுருங்கிப்போனார்கள். ஒரு வீரர் எவ்வளவு முழுமையாக ஆதிக்கம் செலுத்துகிறாரோ அவ்வளவுக்கு அவருடைய எதிரிகள் பின்னாளில் சிறியவர்களாகத் தெரிவார்கள்.

லெப்ரானுடைய பாதையின் வடிவமே வேறு. தொடக்கத்தில் மேடு இல்லை. கடைசியில் செங்குத்தான மலை. 2013-14 சீசனில் ஃபீனிக்ஸ் 48 ஆட்டங்கள் வென்றும் மேற்கில் பிளே ஆஃப் வாய்ப்பைத் தவறவிட்டது; கிழக்கில் அட்லாண்டா 38 வெற்றி, 44 தோல்வியுடன் உள்ளே வந்தது. அந்த ஆண்டு லெப்ரானின் மயாமி சந்தித்த முதல் இரண்டு அணிகள் 43, 44 வெற்றி பெற்றவை. கிழக்குப் பிரிவின் பலவீனம் பற்றிய குற்றச்சாட்டு இந்த அளவில் சரியானதே. ஆனால் இறுதித் தொடரில் காத்திருந்தது 62 ஆட்டங்கள் வென்ற சான் அன்டோனியோ. லெப்ரான் ஆடிய பத்து இறுதித் தொடர்களில், 82 ஆட்டங்கள் முழுமையாக நடந்த எட்டு சீசன்களை மட்டும் எடுத்தால் எதிரணிகளின் சராசரி 62.5 வெற்றி. ஜோர்டானைவிட அதிகம். இதில் 2015-இன் 67, 2016-இன் 73, 2017-இன் 67 ஆகிய மூன்றும் கோல்டன் ஸ்டேட்டினுடையவை. 2016 கோடையில், ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு ஒரே தாவலில் சுமார் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடி டாலராக உயர்ந்தது. அதனால்தான் 73 ஆட்டங்கள் வென்ற அணியால் கெவின் டுரான்ட்டையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. 2017 பிளே ஆஃபில் 16 வென்று ஒன்றே தோற்ற அந்த அணியைப் போன்ற ஒன்றை ஜோர்டானோ பேர்டோ சந்திக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இங்கே ஒரு சுவையான ஒப்பீடு கிடைக்கிறது. 2016-இல் லெப்ரானின் கிளீவ்லாண்ட் தாண்டிய நான்கு அணிகளின் வெற்றிகள் 44, 48, 56, 73, கூட்டினால் 221. ஜோர்டானின் 1993 பாதை 43, 54, 60, 62, கூட்டினால் 219. கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மே மாதத்தில் அடிபட்டு ஜூனுக்கு வருவதும், மே மாதத்தைச் சுலபமாகக் கடந்து ஜூனில் வரலாற்றின் உச்ச அணியை எதிர்கொள்வதும் உடலுக்கும் மனத்துக்கும் வெவ்வேறு சோதனைகள். 3-1 என்று பின்தங்கியிருந்து வென்ற 2016 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீன் ஐந்தாவது ஆட்டத்தில் தடை செய்யப்பட்டதும், அந்த ஆட்டத்திலேயே அதே அணியின் போகட் காயமடைந்து வெளியேறியதும் கணக்கில் வரத்தான் வேண்டும். அவற்றைக் கழித்த பின்னும், ஒரு தனித் தொடரில் பெற்ற வெற்றி என்ற அளவில் அதற்கு மேலானதை நான் அறியேன்.

2000-களின் தொடக்கத்தில் இதே ஏற்றத்தாழ்வு தலைகீழாக ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், டிம் டங்கன் ஆகியோரின் பாதையில் தெரியும். அப்போது மேற்குதான் மலை. 2002-இல் லேக்கர்ஸ் 61 வெற்றி பெற்ற சாக்ரமென்டோவுடன் ஏழு ஆட்டம் போராடிவிட்டு, நியூஜெர்சியை நான்கே ஆட்டங்களில் முடித்தது.

ஒரு முழுப் பாதை என்ற அளவில் மிகக் கடினமானது எது என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. 1995-இல் ஹக்கீம் ஒலாஜுவானின் ஹூஸ்டன். சீசனில் 47 வெற்றி, மேற்கில் ஆறாமிடம். தாண்டிய அணிகள்: யூட்டா 60, ஃபீனிக்ஸ் 59, சான் அன்டோனியோ 62, ஒர்லாண்டோ 57. நான்கு தொடர்களிலும் சொந்த மண்ணின் சாதகம் எதிரணிக்கு. ஃபீனிக்ஸிடம் 3-1 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டத்தை 115-114 என்று வென்றார்கள். சான் அன்டோனியோ தொடரின் இரண்டாவது ஆட்டத்துக்குமுன் டேவிட் ராபின்சனுக்கு அந்த ஆண்டின் எம்.வி.பி. கோப்பை அரங்கத்தில் வைத்து வழங்கப்பட்டது. அன்று அவரை எதிர்த்து ஹக்கீம் 41 புள்ளிகள் எடுத்தார். இறுதியில் ஓ'நீலின் ஒர்லாண்டோவை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தினார். யூட்டாவில் மலோன், ஃபீனிக்ஸில் பார்க்லி, அதன்பின் ராபின்சன், ஓ'நீல் என்று தொடர்ந்து நால்வர். ஜோர்டான் இல்லாத இடைவெளியில் கிடைத்த பட்டம் என்று இதைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பெரும் அநியாயமாகத் தோன்றுகிறது. அந்தப் பாதையில் சிகாகோ குறுக்கே வராததற்குக் காரணம், மார்ச்சில் திரும்பி வந்துவிட்ட ஜோர்டானையும் மீறி ஒர்லாண்டோ அவர்களை வென்றிருந்ததுதான்.

கடைசியாக இன்றைய வீரர்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் நடந்தபோது என்.பி.ஏ.வில் வெளிநாட்டவர் இருபது சொச்சம் பேர். இப்போது ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கும் மேல். 2019 முதல் 2025 வரை எம்.வி.பி. விருது பெற்ற ஆன்டடோகும்போ, யோகிச், எம்பீட், கில்ஜியஸ்-அலெக்சாண்டர் நால்வருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள் அல்லர். அதே ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றன. சோவியத் வீரர் அர்விடாஸ் சபோனிஸ் போன்ற ஒரு பெரும் சென்டர் (கூடையருகே ஆடும் உயரமான வீரர்) 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்டும் 1995-இல்தான் வந்து சேர முடிந்த காலத்தோடு இதை ஒப்பிட்டால், ஊற்று எவ்வளவு அகன்றுவிட்டது என்பது விளங்கும்.

இந்த அகலம் நம் அளவுகோலையே சோதிக்கிறது. 2023-இல் யோகிச்சின் டென்வர் தாண்டிய அணிகள் மினசோட்டா 42, ஃபீனிக்ஸ் 45, லேக்கர்ஸ் 43, மயாமி 44, கூட்டினால் 174. ஹக்கீமின் 1995 பாதை 238. எண்ணை மட்டும் பார்த்தால் யோகிச்சுக்கு எளிதான பாதை அமைந்தது என்று முடித்துவிடலாம். பலர் அப்படியே எழுதியும் விட்டார்கள். ஆனால் ஃபீனிக்ஸ் பிப்ரவரியில்தான் டுரான்ட்டைப் பெற்றது. லேக்கர்ஸ் சீசனின் நடுவே பாதி அணியை மாற்றியது. ஆகவே அந்த 45-உம் 43-உம் பெரும்பாலும் வேறு அணிகள் சேர்த்த வெற்றிகள். வெற்றிகள் முப்பது அணிகளுக்கும் பரவலாகப் பங்கிடப்படும் லீக்கில் 44 என்பது, அடிமட்டத்தில் ஐந்து அணிகள் கிடந்த 1997-இன் 44 ஆகாது. மேஜிக்கின் 1987 பாதையைக் கூட்டினால் 37, 42, 39, 59 என்று 177 வரும். யோகிச்சின் கணக்குக்கு மூன்றே கூடுதல். அந்த இரண்டில் எது கடினம் என்று கேட்டால், ஃபீனிக்ஸின் டுரான்ட்டையும் புக்கரையும், பின்னர் லேக்கர்ஸின் லெப்ரானையும் ஆன்டனி டேவிஸையும் அடுத்தடுத்து வென்ற 2023 பாதையையே நான் மேலே வைப்பேன். மேஜிக்கின் பாதையில் கடைசியில் நின்ற பாஸ்டன்தான் இந்த இரு பாதைகளின் எட்டு எதிரணிகளிலும் மிகச்சிறந்தது என்பதையும், ஆனால் அது கால் முறிந்த மெக்ஹேலுடன் வந்த பாஸ்டன் என்பதையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.